ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் வாங்கலாமா? நீடாமங்கலம் பக்கத்து வாசகிக்குப் பதில்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியும்படியான விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 43. பி.காம். படித்தவர். உரக்கடை, அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை என்று ஒன்பது கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார். உதவிக்கு ஆள் கிடையாது. 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப் இப்போது ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. போன மழைக்காலத்தில் இரண்டு தடவை அப்படியே நின்றும்விட்டது. கணவர் விவசாயம் பார்க்கிறார். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்துவிட்டது. அது கரைவதற்குள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். எதை வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

மன்னார்குடியில் ஒரு கடையில் 24 அங்குல ஆல்-இன்-ஒன் (தனிப் பெட்டி இல்லாமல், திரையோடு சேர்ந்தே வரும் கம்ப்யூட்டர்) ஒன்றைக் காட்டி ரூ.62,000 சொல்லியிருக்கிறார்கள். கோர் ஐ5 ப்ராஸசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்). “லேப்டாப் மாதிரிதான் மேடம், யுபிஎஸ்ஸே வேண்டாம், கரண்ட் பில்லும் பாதியாயிடும்” என்றாராம் கடைக்காரத் தம்பி. வட்டியில்லாத் தவணை உண்டு. பில் வேண்டாம் என்றால் நாலாயிரம் குறைத்தும் தருவார்களாம். பெங்களூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் மகன் ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்னான ஐமேக் படத்தை அனுப்பி, “வாங்கினா இதை வாங்குங்க பெரியம்மா” என்கிறார். திருச்சியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்காரரோ, தன் ஆபீசில் கழித்துவிட்ட பழைய ஆல்-இன்-ஒன் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வாங்குவது அவள் கல்லூரிக்கும் சேர்த்து உதவட்டும் என்பது கணவரின் எண்ணம். பழைய ஓட்டு வீடு. கூடத்தில் ஜன்னலோரம் சின்ன மேசை. எலி ஒயரைக் கடிக்கிறது என்பதால் ஒயர் குறைவாக இருந்தால் நல்லது என்று வாசகிக்கே ஆல்-இன்-ஒன் மீது ஒரு சாய்வு இருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம்: “தொழிலுக்காக வாங்குகிற பொருள் கெட்டுப்போனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே, உண்மையா?”

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கும் உங்கள் ஊருக்கும் ஆல்-இன்-ஒன் சரிப்பட்டு வராது. அதே பணத்துக்குள் ஒரு சின்ன டெஸ்க்டாப், தனி மானிட்டர், யுபிஎஸ், டேட்டாவைப் பத்திரப்படுத்த ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் என்று நாலையும் வாங்கிவிடலாம். ஆல்-இன்-ஒன் மட்டமான பொருள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. மாதம் இரண்டு ஜிஎஸ்டி கெடு தேதிகளுக்குள் வேலையை முடித்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். மெஷின் கெட்டுப்போனால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் உங்களுக்கு முதல் கேள்வி. விலையும் அழகும் அதற்கு அடுத்துத்தான்.

ஆல்-இன்-ஒன் என்பது உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட லேப்டாப்தான். பெரும்பாலானவற்றில் லேப்டாப்புக்கான ப்ராஸசர், லேப்டாப்புக்கான சின்ன ரேம், கட்டைவிரல் கனத்துக்கு ஒரு ஃபேன். இவற்றைப் பெரிய திரையின் முதுகில் வைத்து மூடியிருப்பார்கள். ஆக, ‘லேப்டாப் மாதிரிதான்’ என்று கடைக்காரத் தம்பி சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிதான் பேட்டரி. அது இதில் இல்லை.

கரண்ட் போனால்

அபூர்வமாக ஒன்றிரண்டு மாடல்களைத் தவிர, ஆல்-இன்-ஒன்னுக்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போன நொடியில் திரை இருண்டுவிடும். டேலியில் பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. போன மழைக்காலத்தில் உங்கள் மெஷின் இரண்டு தடவை நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் டேட்டாவைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டீர்களா என்று எழுதவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்த அவதியை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த மெஷினை வாங்கினாலும் யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ யுபிஎஸ் உங்கள் அளவு மெஷினைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். சேமித்து, மூடி, முறையாக நிறுத்த அது போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சமாளிக்கலாமா என்றால், ஓரளவுக்குச் சமாளிக்கலாம். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோடு’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவைத்தால் கரண்ட்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி குறையும். கம்ப்யூட்டர் அணையாமல் தப்பிக்கும். அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதே இல்லை. ஃபேனும் லைட்டும் எரிகிறதா என்பதோடு சரி.

ஆல்-இன்-ஒன்னுக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். நாற்றங்கால் சமயத்தில் ஊரெல்லாம் மோட்டார் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது, மலிவான எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் சப்ளை தரும் பெட்டி) போட்ட டெஸ்க்டாப் திணறும், இது அசராது. ஆனால் அடாப்டர் இடியைத் தாங்காது. இடி, வோல்டேஜ் எகிறல், தண்ணீர் இவற்றால் வருகிற சேதம் வழக்கமான வாரண்டியில் சேராது. ஐப்பசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்கும்போது மோடத்திலிருந்து வரும் நெட் கேபிளையும் பிடுங்குங்கள். அந்த வழியாக இடி இறங்கியும் மதர்போர்டு கெட்டுப்போகும்.

கரண்ட் பில் பாதியாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம், உங்களுக்குப் பிடித்த வேலைதானே. ஆல்-இன்-ஒன்னுக்கும் மானிட்டரோடு சேர்ந்த சின்ன டெஸ்க்டாப்புக்கும் வித்தியாசம் சுமார் 40 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 8 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 16 யூனிட். நூறு ரூபாய்க்கு அக்கம்பக்கம் மிஞ்சும். கம்ப்யூட்டரை மாற்றி வீட்டு பில்லைப் பாதியாக்க முடியாது.

ரிப்பேர் என்று வந்தால்

என் முடிவுக்குக் காரணமே இந்த இடம்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் நீடாமங்கலத்திலோ மன்னார்குடியிலோ சர்வீஸ் பார்க்கிற பையன் ஒருவன் சாயங்காலத்துக்குள் வேறொன்றை மாட்டிவிடுவான். மானிட்டர் போனால், சரியாகும்வரை யார் வீட்டிலிருந்தாவது ஒன்றைக் கடன் வாங்கி ஓட்டலாம். ரேம், எஸ்எஸ்டி, கீபோர்டு எல்லாம் எந்த ஊர் பஜாரிலும் கிடைக்கிற சாமான்கள். ஆல்-இன்-ஒன்னில் திரையில் கோடு விழுந்தாலும் முழு மெஷினையும் தூக்க வேண்டும். போர்டு போனாலும் முழு மெஷினையும் தூக்க வேண்டும். வண்டிச் சக்கரம் உடைந்ததற்கு மாட்டையும் சேர்த்துப் பட்டறையில் கட்டிப்போடுகிற கதை. ஸ்பேர் அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கென்றே வர வேண்டும். வருகிறவரை உங்கள் வேலை நிற்கும்.

மாதாந்திரம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டர்ன் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள், வரி கட்டும் 3பி ரிட்டர்ன் 20-ம் தேதிக்குள். தப்பினால் வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதோடு வரிக்கு வட்டி. இதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். ஒன்பது கடை என்றால் அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சும் ஒன்பது இடத்தில் வரும். 9-ம் தேதி உங்கள் மெஷின் திருச்சி சர்வீஸ் சென்டரில் ஒரு அலமாரியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, தூசி. மாசி, பங்குனியில் ரிப்பேருக்காக எங்கள் மேசைக்கு வருகிற ஆல்-இன்-ஒன்களைத் திறந்தால் டெல்டாவின் அறுவடை முழுவதும் உள்ளே இருக்கும். மேசையில் துண்டை விரித்து, திரையைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்டாண்டைக் கழற்றி, பிளாஸ்டிக் கத்தியை விளிம்பில் ஓட்டினால் கிளிப்புகள் டக்டக்கென்று விடுபடும். ஒன்றாவது உடையும். மூடியைத் தூக்கும்போது தாள் கனத்தில் ஒரு ரிப்பன் கேபிள் கூடவே வரும். அவசரப்பட்டு இழுத்தால் திரை போச்சு. உள்ளே அந்தக் குட்டி ஃபேனின் வாயை வைக்கோல் தூசியும் நெல் சுணையும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். சில சமயம் எறும்புக் கூடு, ஒரு தடவை பல்லி முட்டை. காற்றுப் போகாமல் சூடேறி, மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘ஸ்லோவாயிடுச்சு சார்’ என்று வருகிற புகார்களில் பல இந்த வகைதான். டெஸ்க்டாப்பிலும் தூசி சேரத்தான் செய்யும். ஆனால் பக்கவாட்டு மூடியில் இரண்டு திருகைக் கழற்றி, பிளோயரை வைத்து அடித்தால் முடிந்தது. அதை நீங்களே செய்யலாம். ஓட்டு வீடு, ஜன்னலோர மேசை, வாசலில் நெல் காய்கிற வீடு என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

ஓடு ஒழுகுவது தனி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கம் பல வாரங்கள் கரண்டே இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். அப்போது வந்த ஆல்-இன்-ஒன்களில் மேலே சொட்டிய தண்ணீர் முதுகில் இருக்கும் காற்று ஓட்டை வழியாக நேராக போர்டில் இறங்கியிருந்தது. எதை வாங்கினாலும் மேசையை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். சாரல் மூன்றடிக்கு உள்ளே வரும்.

அப்படியானால் ஆல்-இன்-ஒன் யாருக்கு?

வரவேற்பு மேசை, கிளினிக், ஏசி போட்ட கடைக் கவுண்டர் இவற்றுக்கு அழகாகப் பொருந்தும். ஒரே ஒயர், கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் கூடவே வந்துவிடும். டவுனில் இருந்து, கம்பெனி ஆள் வீடு தேடி வந்து பார்க்கிற ஆன்-சைட் வாரண்டி மூன்று வருடத்துக்கு இருந்தால் நானே வாங்கச் சொல்வேன்.

உங்களுக்கு ஒயர் குறைவதுதான் முக்கியம் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: மினி பிசி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். மானிட்டரின் முதுகில் சதுரமாக நாலு திருகு ஓட்டைகள், 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அங்கேயே மாட்டிவிடலாம். பார்க்க ஆல்-இன்-ஒன் மாதிரியேதான் இருக்கும். மானிட்டர் போனால் மானிட்டரை மட்டும் மாற்றலாம். ஆனால் உள்ளே லேப்டாப் சாமான் என்பதால் போர்டு ரிப்பேருக்கு இதுவும் வெளியூர் போகத்தான் வேண்டும். அதனால் எனக்கு முதல் விருப்பம் சின்ன டவர் டெஸ்க்டாப். இரண்டாவது மினி பிசி. எலிக்குப் பயந்து மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருபது ரூபாய் பிவிசி கேசிங் வாங்கி ஒயரை அதற்குள் விட்டுச் சுவரோடு அடித்துவிட்டால் போதும்.

இப்போதைய நிலவரத்தில் சுமாராகக் கணக்குச் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்ட கம்பெனி டெஸ்க்டாப், ஐ3, 512 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 38,000 முதல் 45,000 வரை. 22 அங்குல மானிட்டர் ஏழிலிருந்து ஒன்பதாயிரம். யுபிஎஸ் மூவாயிரத்துச் சொச்சம். 1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஐயாயிரத்துக்கு மேல். எல்லாம் சேர்ந்து கடைக்காரர் சொன்ன 62,000-க்கு அக்கம்பக்கத்தில் முடியும். ஆல்-இன்-ஒன் என்றால் யுபிஎஸ்ஸும் டிஸ்க்கும் அந்த 62,000-க்கு மேல் தனிச் செலவு. ரேம் விலை 2025 கடைசியிலிருந்து நன்றாக ஏறிவிட்டது. 16 ஜிபிக்கு அதிகம் கேட்டால் 8 ஜிபியோடு வாங்கி, காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஐ5 என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். எத்தனையாவது தலைமுறை என்பதுதான் பேச்சு. டேலியும் ஜிஎஸ்டி தளமும் ப்ராஸசரை அதிகம் கேட்பதில்லை. உங்கள் பழைய மெஷின் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் அதில் சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி போட்ட ஐ3-யில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

பெங்களூர் யோசனையும் திருச்சி யோசனையும்

ஐமேக் நல்ல மெஷின்தான். 1998-ல் இந்த மாதிரி ஒரே உடம்புக் கம்ப்யூட்டர்களை ஊரெல்லாம் ஆசைப்பட வைத்ததே அதுதான். ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. ஐமேக்கில் நேரடியாக ஓடாது. இப்போதைய 24 அங்குல மாடலில் வாங்கிய பிறகு ரேமைக் கூட்டவும் முடியாது. கொழுந்தனார் மகனுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

திருச்சி யோசனைதான் ஆபத்தானது, ஏனென்றால் விலை இழுக்கிறது. ஆபீசுகள் கழித்துவிடும் ஆல்-இன்-ஒன்கள் பெரும்பாலும் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை. அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. வீட்டு உபயோகக்காரர்களுக்குத் தனியாகப் பதிவு செய்தால் கிடைக்கிற நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைக்கும்தான். ‘பதினொண்ணை ஏத்தித் தரேன்’ என்று யாராவது சொன்னால், சோதனையை ஏமாற்றி ஏற்றுவார்கள்; அதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. ஒன்பது கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் உங்கள் மெஷினில் இருக்கிறது. அப்டேட் வராத விண்டோஸில் அதை வைப்பதும், கிராக் செய்த விண்டோஸில் வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போதாததற்குத் திரைக்கும் வயதாகியிருக்கும். 18,000 இல்லை, சும்மா கொடுத்தாலும் கணக்கு வேலைக்கு வேண்டாம். நாத்தனார் வீட்டு மனஸ்தாபம் வராமலிருக்க, பழி என்மேல் இருக்கட்டும்.

வட்டியில்லாத் தவணை, பில்லில்லாத் தள்ளுபடி

வட்டியே இல்லாத கடன் என்று உண்மையில் ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியிருக்கிறது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும்: ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது, அல்லது பிராஸசிங் கட்டணம் என்று ஒன்று வரும். கடையில் முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள். தவணையின் மொத்தத் தொகையைப் பிறகு கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு அந்தக் கட்டணத்தையும் கூட்டினால் அதுதான் வட்டி. தவணை தருகிற வங்கியோ நிதி நிறுவனமோ, எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இது விதி. உங்களிடம் நெல் பணம் கையில் இருக்கிறது. கடன் எதற்கு?

பில் இல்லாமல் நாலாயிரம் குறைப்பதாக ஒரு கணக்காளரிடமே சொல்லத் துணிந்த கடைக்காரரின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பில் இல்லையென்றால் நீங்கள் வாங்கியதற்கே சாட்சி இல்லை. பிறகு தகராறு வந்தால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. விற்ற பொருளுக்குப் பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

முடியும். உங்களிடம் யாரோ பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. அடுத்த வரியிலேயே விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. உதவிக்கு ஆள் இல்லாமல், தனியாக வீட்டில் கணக்கு எழுதுகிற நீங்கள் இந்த விளக்கத்துக்குள் வருகிறீர்கள். நாளை நாலு பேரை வேலைக்கு வைத்து ஆபீஸ் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கிளப்புவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே நியாயமற்ற நடைமுறைதான். பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு. அதற்குக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கம்பெனிகள் பெரும்பாலும் அதற்கே இறங்கிவரும். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் மெஷின் பார்க்கிறவன். மனு எழுதும் கட்டம் வந்தால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளின் கல்லூரி

ஒரே மெஷின் இரண்டு பேருக்கும் ஆகாது. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு, விடுதியில் சேர்ந்தால் இன்னும் நிச்சயமாக, லேப்டாப்தான் வேண்டியிருக்கும். ஆல்-இன்-ஒன்னைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கையடக்கக் கருவிகள் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அவள் சேரும் கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அது பொருந்துமா என்பதைச் சேர்க்கையின்போது கேளுங்கள். அதை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம். அதுவரை அவளுக்காக எதையும் வாங்கவும் வேண்டாம். பிளஸ் டூ ப்ராக்டிகலுக்குப் பழகுவதற்கு உங்கள் புது டெஸ்க்டாப்பில் அவளுக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தால் போதும். உங்கள் டேலி இருக்கும் கணக்கில் உட்கார வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆல்-இன்-ஒன்தான் என்றால்

வீட்டில் எல்லாரும் ஆசைப்பட்டு அதையே வாங்குவதாக இருந்தால் கடையில் நாலு கேள்வி கேளுங்கள். உங்கள் பின்கோடைப் போட்டு, ஆன்-சைட் வாரண்டி உங்கள் கிராமம் வரை வருமா என்று கம்பெனி தளத்தில் காட்டச் சொல்லுங்கள்; வாய்ச்சொல் வேண்டாம். ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்ற முடிகிற மாடலா, போர்டிலேயே ஒட்டியதா? எச்டிஎம்ஐ ‘இன்’ (வேறு கம்ப்யூட்டரின் படத்தை இந்தத் திரைக்கு வாங்கும் துளை) இருக்கிறதா? ‘அவுட்’ மட்டும் இருந்தால் இரண்டாவது திரையை மாட்டலாமே தவிர, ஆறேழு வருடம் கழித்து உள்ளே இருப்பது செத்துப்போனால் நல்ல திரையும் அதோடு குப்பைக்குப் போகும். ‘இன்’ இருந்தால் மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, விண்டோஸ் கம்பெனியிலேயே போட்டு வருகிறதா? செட்டிங்ஸில் ‘ஆக்டிவேட்டட்’ என்று காட்டுகிறதா என்று பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். 24 அங்குலத் திரையை வெறும் பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் திருச்சிக்குக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது இருந்த பழுது ஒன்று, வந்து சேர்ந்தபோது இரண்டு.

எதை வாங்கினாலும், வேலையைப் புது மெஷினுக்கு மாற்றும் நாளை 20-ம் தேதிக்குப் பிறகு வையுங்கள். அடுத்த 11-ம் தேதிக்குள் தடங்கல் எதுவானாலும் சரிசெய்ய நாள் இருக்கும். பழையதில் டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருளையும் புதிதாக ஏற்ற வேண்டும். பழைய சிபியுவை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அதிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்காகக் கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் குறைப்பார், குறைத்துக்கொள்ளட்டும். ஒன்பது கடைகளின் கணக்கும் அதில்தான் இருக்கிறது.